கையில் கனம், இடுப்பில் உதை: பழைய ட்ரைக்கைச் சீர்செய்யும் வழிகள்

ஹோண்டாவின் பழைய கோல்டுவிங் ஜிஎல்1800 பெட்ரோல் நிரம்பி நிற்கும்போது 400 கிலோவைத் தாண்டும். ஓடும்போது அந்த எடை தெரியாது. சிக்னலில் நின்று ஒற்றைக் காலை ஊன்றும்போதுதான் தெரியும். முழங்கால் தேய்ந்த பிறகும் வண்டியைக் கைவிட மனம் வராத அமெரிக்க ஓட்டிகளை நம்பியே அங்கே ஒரு தொழில் வளர்ந்தது. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கார் டயர் போட்ட இரண்டு சக்கரங்களை ஆக்சிலோடு பொருத்தி, மேலே ஃபைபர் உடம்பு மாட்டி, வண்டியை மூன்று சக்கர ட்ரைக்காக்கித் தருவார்கள். லேமன், மோட்டார் ட்ரைக், கலிபோர்னியா சைட்கார், ரோட்ஸ்மித் என்று இந்தக் கிட்டுகளுக்குப் பல பெயர்கள். ஹார்லி டேவிட்சன் 2009 மாடலாகத் தன் ட்ரை கிளைடை இறக்கியபோதும், மூன்று சக்கர மாற்று வேலையை முதலில் லேமன் கம்பெனியிடம்தான் கொடுத்தது.

இந்த வண்டிகள் செகண்ட் ஹேண்டில் கைமாறும்போது வாங்கியவர் சொல்லும் புகார்கள் பெரும்பாலும் இரண்டுதான். வளைவில் ஹேண்டில்பார் கல்லாக இருக்கிறது. பள்ளம் மேட்டில் இடுப்பில் உதைக்கிறது. இரண்டையும் ஒரே நோயாக எண்ணி, முதலில் விலையுயர்ந்த ஷாக் அப்சார்பர் வாங்கிப் போடுகிறவர்கள் அதிகம். ஷாக் மாறும், கையின் கனம் அப்படியே இருக்கும். ஸ்டியரிங்கின் கனம் பெரும்பாலும் முன்பக்க வடிவக் கணக்கில் பிறக்கிறது. இடுப்பின் உதை பின்பக்க எடையிலும் டயர் காற்றிலும் பிறக்கிறது. பழைய வண்டியில் இரண்டுக்கும் மேலே தேய்மானம் என்ற மூன்றாவது அடுக்கு படிந்திருக்கும். தேய்மானத்தைக் களைந்து, வடிவத்தைத் திருத்தி, ஸ்பிரிங்குக்கும் ஷாக்குக்கும் கடைசியாகச் செலவழிப்பதுதான் சரியான வரிசை. கடைக்காரர்கள் விற்கும் வரிசை இதற்கு நேர் எதிர்.

முன்பக்கத்திலிருந்து தொடங்குவோம். ஃபோர்க் திரும்பும் அச்சைக் கீழே நீட்டினால் அது தரையில் ஓரிடத்தைத் தொடும். டயர் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். ஜிஎல்1800-ல் அச்சின் சாய்வு 29 டிகிரிக்குச் சற்று மேல். டிரெயில் 109 மில்லிமீட்டர். இரண்டு சக்கரத்தில் இது வரம். நேர்ச்சாலையில் சக்கரம் தானே நேராக நிற்கும். வளைவில் வண்டி சாய்வதால், டயர் மேல் விழும் எடையும் பக்கவிசையும் சேர்ந்து ஏறக்குறைய சக்கரத்தின் தளத்திலேயே போய்விடும், ஹேண்டிலைத் திருகாது. ட்ரைக் சாயாது. பக்கவிசை முழுவதும் சக்கரத்துக்குக் குறுக்கே விழுந்து, டிரெயிலை நெம்புகோலாக்கிக்கொண்டு சக்கரத்தை நேராக்கப் பார்க்கும். அதை எதிர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது ஓட்டுபவரின் தோள்.

எவ்வளவு கனம் என்று தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 மீட்டர் ஆரமுள்ள மலைப்பாதை வளைவில் மணிக்கு 44 கிலோமீட்டரில் போனால், பக்கவாட்டு விசை எடையில் பத்தில் மூன்று பங்கு. ஓட்டுபவரோடு சேர்த்து முன்சக்கரத்தின் மேல் 200 கிலோ என்று வைத்துக்கொண்டால், டயரில் 60 கிலோ பக்கவிசை. 109 மில்லிமீட்டர் டிரெயிலில், 80 சென்டிமீட்டர் அகல ஹேண்டில்பாரில், ஒரு கை இழுக்க ஒரு கை தள்ள, ஒவ்வொன்றுக்கும் ஏழு கிலோ வரும். ஒரு வளைவுக்கு இது பெரிதில்லை. நாள் முழுக்க மலைச்சாலையில், அதுவும் மூட்டுவலிக்காகவே ட்ரைக்குக்கு மாறியவருக்கு, இதுதான் முதல் பிரச்சினை. இரண்டு சக்கரப் பழக்கமும் சேர்ந்து குழப்பும். மோட்டார் சைக்கிளில் இடப்பக்கம் போக இடக்கைப் பிடியைத் தள்ளுவார்கள்; ட்ரைக்கில் அப்படித் தள்ளினால் வண்டி வலப்பக்கம் போகும்.

டிரெயிலைக் குறைத்தால் கனம் குறையும். அதற்கான வழியைத்தான் அமெரிக்கக் கடைகளில் ரேக் கிட் என்கிறார்கள். ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் பிடித்து நிற்கும் மேல்கீழ் கிளாம்ப்புகளுக்குப் பதிலாக, துளைகளை நாலரை டிகிரியோ ஆறு டிகிரியோ சாய்த்துக் கடைந்த புதிய கிளாம்ப்புகள் வரும். திரும்பும் அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். ஃபோர்க் கால்கள் மட்டும் முன்னால் நீளும். சக்கரம் முன்னே போகப் போக டயர் தரையைத் தொடும் இடமும் முன்னே போய் டிரெயில் சுருங்கும். கிளாம்ப்பிலிருந்து ஆக்சில் வரை 600 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால், நாலரை டிகிரிக்கு 109 என்பது 55-க்கு வந்துவிடும். ஆறு டிகிரிக்கு 40-க்கும் கீழே. கிளாம்ப்பின் வடிவத்தைப் பொறுத்துச் சில மில்லிமீட்டர் கூடக் குறைய இருக்கலாம். கை தாங்க வேண்டிய ஏழு கிலோ நாலரை டிகிரியிலேயே பாதியாகிவிடும். வேறெந்த ஒற்றைச் செலவும் இந்த அளவுக்குப் பலன் தராது. ஹார்லியும் இதையேதான் செய்தது. அதன் இரண்டு சக்கர டூரிங் வண்டிகளில் டிரெயில் 170 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ட்ரை கிளைடில் சட்டத்தின் தலைக்கோணம் 26 டிகிரியாகவே இருக்க, ஃபோர்க்கை 32 டிகிரிக்குச் சாய்த்து டிரெயிலை 100 மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள்.

நான்கரையா ஆறா என்பதில் கட்சி கட்டுகிறவர்கள் உண்டு. என் ஓட்டு நான்கரைக்கு, மலைச்சாலையே கதி என்றில்லாதவரை. டிரெயில் குறையும்போது கனத்தோடு வேறொன்றும் போகிறது: சக்கரம் தானே நேராகும் குணம். ஆறு டிகிரியில் பார்க்கிங்கில் ஒரு விரலால் திருப்பலாம். நெடுஞ்சாலையில் பக்கக்காற்று அடிக்கும்போது அந்த இலகுவே அலைச்சலாகிவிடும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ரேக் கிட் போட்ட முன்பகுதியை வைத்துக்கொண்டு பின்பக்கத்தை மறுபடி இரண்டு சக்கரமாக்கி ஓட்டக் கூடாது. 40 மில்லிமீட்டர் டிரெயிலில் அவ்வளவு கனமான மோட்டார் சைக்கிள் ஆபத்தான வண்டி.

டிரெயிலைக் குறைத்த வண்டிகளில் தலைகாட்டும் தொல்லை முன்சக்கர ஆட்டம். ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறையும்போது, மணிக்கு 50-லிருந்து 25 கிலோமீட்டருக்குள், ஹேண்டில் இடமும் வலமும் படபடவென்று அடிக்கும். கையை இறுக்கினால் நின்றுவிடும், தளர்த்தினால் திரும்பி வரும். உடனே ஆட்டத்தை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் வாங்கிப் போடச் சொல்வார்கள். டேம்பர் தேவைதான். ட்ரை கிளைடில் கம்பெனியே அதைப் பொருத்தித்தான் விற்றது. ஆனால் ஃபோர்க் திரும்பும் பேரிங்கான கோன் செட் தேய்ந்திருக்கும்போது டேம்பர் மாட்டுவது காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவது மாதிரி.

கோன் செட்டைச் சோதிக்க கருவி எதுவும் வேண்டாம். முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கி நிற்க ஜாக்கி கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து ஃபோர்க்கின் கீழ்நுனிகளை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். 'டக்' என்று ஒரு தட்டல் கையில் பட்டால் ப்ளே இருக்கிறது. அடுத்து ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெல்லத் திருப்ப வேண்டும். நேர்நிலையைக் கடக்கும்போது ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறுவது போலிருந்தால், வருடக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்த குண்டுகள் தடத்தில் குழி போட்டுவிட்டன. இறுக்கிப் பயனில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். அப்படி மாற்றும்போது குண்டு பேரிங்குக்குப் பதில் டேப்பர் ரோலர் பேரிங் போடுவது அங்கே வழக்கமாகிவிட்டது. தொடு பரப்பு அதிகம் என்பதால் சுமையைப் பங்கிட்டுத் தாங்கும். கொஞ்சம் கூடுதலாக இறுக்கவும் இடம் தரும். எவ்வளவு இறுக்கம் என்பதை ஸ்பிரிங் தராசை ஃபோர்க்கில் மாட்டி இழுத்து அளப்பார்கள். இரண்டு சக்கரத்துக்குச் சொன்ன அளவைவிடச் சற்றுக் கூடுதல் இழுவையில் வைத்தாலே பல வண்டிகளில் ஆட்டம் அடங்கிவிடும். சாய்ந்து சமன் செய்ய வேண்டிய அவசியமில்லாத வண்டி என்பதால் இந்த இறுக்கத்தை ட்ரைக் பொறுத்துக்கொள்ளும்.

முன்டயரையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். மோட்டார் சைக்கிள் டயர் உருண்டை முகம் கொண்டது. சாய்ந்து சாய்ந்து எல்லாப் பக்கமும் தேய்வதற்காக அப்படிச் செய்தது. ட்ரைக்கில் நடு உச்சி மட்டுமே தரையைத் தொடும், அதுவும் பக்கவாட்டில் உரசிக்கொண்டே. கொஞ்ச காலத்தில் டயர் திட்டுத்திட்டாக மேய்ந்துவிடும். உள்ளங்கையை டயர் மேல் வைத்து ஒருமுறை சுற்றிவிட்டால் மேடுபள்ளம் கைக்கே தெரியும். மேய்ந்த டயரே ஆட்டத்தைத் தொடங்கிவைக்கப் போதும். காற்றும் குறையக் கூடாது. ஜிஎல்1800-க்கு முன்னால் 36 பிஎஸ்ஐ. இறங்கினால் ஹேண்டில் இன்னும் கனக்கும்.

பின்டயரில் கதை தலைகீழ். அது கார் டயர். ஒன்று 600 கிலோ வரை தாங்கும்படி கட்டியது. ட்ரைக்கில் அதன்மேல் வருவதோ 200 கிலோ சுற்றித்தான், பின்னால் துணை உட்கார்ந்தால் இன்னும் கொஞ்சம். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தத்தைப் பார்த்து 35, 40 பிஎஸ்ஐ அடித்துவிட்டால் டயர் கட்டைபோல நிற்கும், ஒவ்வொரு சிறு கல்லும் இடுப்புக்கு வரும். கிட் செய்தவர் சொன்ன அளவு பெரும்பாலும் 20-களில்தான் இருக்கும். அந்தத் தாள் தொலைந்துபோன பழைய வண்டிக்குச் சாக்குக்கட்டி சோதனை இருக்கிறது. டயரின் முழு அகலத்துக்கும் குறுக்கே தடிமனாக ஒரு கோடு இழுத்துவிட்டு, சமதளமான தார்ச்சாலையில் கொஞ்ச தூரம் நேராக ஓட்டிவிட்டு இறங்கிப் பார்க்க வேண்டும். நடுவில் மட்டும் அழிந்து இரு ஓரமும் வெள்ளையாக இருந்தால் காற்று அதிகம். ஓரங்கள் அழிந்து நடு மிச்சமிருந்தால் குறைவு. இரண்டிரண்டு பிஎஸ்ஐயாக மாற்றிக் கோடு ஒரே சீராக அழியும் இடத்தில் நிறுத்தலாம். வழக்கமாக ஏற்றும் ஆளும் மூட்டையும் ஏறிய நிலையில்தான் இதைச் செய்ய வேண்டும். செலவு ஒரு சாக்குக்கட்டி. ஷாக் மாற்றக் கிளம்பிய பலரின் பணம் இந்த இடத்திலேயே மிச்சமாகும்.

கையில் கனமில்லாமல், ஒரே பக்கம் இழுக்கிற வண்டி வேறு வகை. இழுப்புக்கு இரண்டு காரணங்களைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது சாலையின் குற்றம். மழைநீர் வடிய சாலையை நடுவில் உயர்த்தி ஓரம் தாழ்த்திப் போடுகிறார்கள். வலப்பக்கம் ஓட்டும் அமெரிக்காவில் ட்ரைக் வலப்பக்கச் சரிவில் சரிந்து நின்று வலப்பக்கமே இழுக்கும். அகன்ற, சரிவில்லாத வெற்று மைதானத்தில் ஓட்டிப் பார்த்து இழுப்பு மறைந்துவிட்டால் வண்டியில் குறையில்லை. அங்கும் இழுத்தால் ஆக்சில் சட்டத்துக்குச் சதுரமாக இல்லை என்று பொருள். ஸ்விங் ஆர்ம் திருகும் போல்ட்டிலிருந்து ஆக்சிலின் இரு கோடிக்கும் டேப் பிடித்தால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்து, சக்கரங்களின் வெளிப்பக்கம் இரண்டு நூல்களைக் கட்டி முன்சக்கரம் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கலாம். கிட்டை வீட்டுக் கொட்டகையிலேயே பொருத்தியவர்களின் வண்டிகளில் இந்தக் கோணல் அபூர்வமில்லை. வண்டி நாய் ஓடுவது போல உடம்பைக் கோணலாக வைத்துக்கொண்டு நேராகப் போகும். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்குக் கம்பியின் புஷ் தேய்ந்திருந்தாலும், ஒவ்வொரு பள்ளத்திலும் பின்பக்கமே தனியாக ஸ்டியரிங் செய்யும். ஓட்டுபவர் குற்றத்தை முன்னால் தேடிக்கொண்டிருப்பார்.

இனி உதை. ட்ரைக்கின் பின்பக்கம் இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, டிஃபரன்ஷியலும் இரு சக்கரமும் ஒரே கட்டையாகச் சேர்ந்த ஆக்சில். மற்றொன்று, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு. முதல் வகையில் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை அதிகம். ஒரு கல்லின் மேல் ஏறினால் அவ்வளவு இரும்பும் சேர்ந்து எகிற வேண்டும், எகிறியதை அடக்க ஷாக்கும் திணற வேண்டும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறும்போது மொத்த ஆக்சிலும் சாயும். தரையிலிருந்து உயரமாக உட்கார்ந்திருப்பவரின் தலை இடமும் வலமும் வீசப்படும். தனிச் சக்கர அமைப்பில் அந்த வீச்சு குறைவு. டிஃபரன்ஷியல் சட்டத்தில் நிலையாக இருக்கும், சக்கரமும் ஆர்மும் மட்டுமே ஆடும். ஆனால் செகண்ட் ஹேண்டில் வாங்குபவருக்கு ஒரு கட்டை ஆக்சிலைத் தனிச் சக்கரமாக மாற்றும் செலவு கட்டுப்படியாகாது. அந்த வசதி வேண்டுமென்றால் அப்படி அமைந்த வண்டியையே தேடி வாங்குவது மலிவு.

கட்டை ஆக்சிலோடு காலம் தள்ளுபவருக்கும் வழி இருக்கிறது. பெரும்பாலான கிட்டுகளில் காற்று நிரப்பும் ஷாக் வரும். தனியாள் ஓட்டும்போதும் இருவர் மூட்டையோடு போகும்போதும் ஒரே காற்றை வைத்துக்கொண்டு, வண்டி சில நாள் கட்டையாக இருக்கிறது, சில நாள் தரை தட்டுகிறது என்று குறைப்படுபவர்களைப் பார்க்கலாம். சுமைக்கேற்பக் காற்றை மாற்றுவதற்குத்தான் அந்த வால்வு. சுமையேறி உட்கார்ந்த பிறகு ஷாக்கின் மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கி நிற்பது நல்ல தொடக்கம். பத்து வருட ஷாக்கில் எண்ணெய்க் கசிவு இருந்தால் காற்று எவ்வளவு அடித்தாலும் துள்ளல் அடங்காது. அப்போது புதிய ஷாக் நியாயமான செலவு.

முன் ஃபோர்க் ஸ்பிரிங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ரேக் கிட் போட்டபின் ஃபோர்க் படுக்கையாகச் சாய்வதால் முன்பக்கம் கொஞ்சம் தாழும். குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நேராக நழுவுவதற்குப் பதில் வளைந்து உரசும். பழைய ஸ்பிரிங் பிரேக்கில் முழுக்க அமுங்கிவிடும், அமுங்கினால் டிரெயில் இன்னும் குறைந்து ஆட்டம் வரும். கிட் போடும் நாளிலேயே, எப்படியும் ஃபோர்க்கைக் கழற்றியிருக்கும்போது, அமுங்க அமுங்க இறுகும் ஸ்பிரிங்கையும் புது எண்ணெயையும் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். கூலி ஒருமுறைதான்.

சொகுசுக்காகச் செய்யும் வேலை கவிழும் ஆபத்தைக் கூட்டிவிடக் கூடாது. ஒற்றைச் சக்கரம் முன்னால் உள்ள வண்டி, முன்டயரையும் வெளிப்பக்கப் பின்டயரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டின் மேல்தான் கவிழும். எடைமையம் பின் ஆக்சிலுக்கு அருகில் இருக்கும்வரை அந்தக் கோடு தள்ளியே இருக்கும். வளைவுக்குள் பிரேக் பிடித்தால் எடை முன்னால், அகலமில்லாத பக்கம், ஓடுகிறது. அதனால் பிரேக்கை வளைவுக்கு முன்பே முடித்துவிடுவது ட்ரைக் ஓட்டத்தின் முதல் பாடம். பின் ஷாக்கை மெத்தையாக்கினால் வண்டி வெளிப்பக்கம் சாய்வதும் கூடும். அதைத் தடுக்க இரு பக்கத்தையும் முறுக்குக் கம்பியால் இணைக்கும் ஆன்டி ரோல் பார் போடுவார்கள். வளைவுச் சாய்வு நன்றாகவே குறையும். ஒற்றைச் சக்கரப் பள்ளங்களில் உதை கொஞ்சம் கூடும். அமெரிக்காவில் மூன்று சக்கர ஏடிவிகளின் விற்பனை 1988-ல் அரசுக்கும் கம்பெனிகளுக்கும் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டோடு நின்றுபோனதை இந்த ட்ரைக்குகளோடு ஒப்பிட்டுப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அவை டிஃபரன்ஷியல் இல்லாத, குட்டையான, பலூன் டயர் வண்டிகள்; அந்த ஒப்பீடு அரைகுறைதான். கவிழும் கோட்டின் கணக்கு மட்டும் இரண்டுக்கும் பொது.

தமிழ்நாட்டுச் சாலைகளில் இந்தக் கேள்வி வேறு உருவத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வழங்குவதும், தனியாரே பொருத்திக்கொள்வதுமான இணைப்புச் சக்கர ஸ்கூட்டர்களைச் சொல்கிறேன். அங்கே பின்சக்கரம் கழற்றப்படுவதில்லை. இரு பக்கமும் ஒவ்வொரு சக்கரம் கூடுகிறது. ஸ்கூட்டரின் சிறிய முன்சக்கரத்தில் டிரெயிலும் எடையும் குறைவு என்பதால் கையின் கனம் பெரிய புகாரில்லை. புகார் உயரத்தில் வருகிறது. பக்கச் சக்கரங்களைக் கொஞ்சம் தாழ்வாகப் பொருத்திவிட்டால் ஸ்கூட்டரின் எடையை அவையே தாங்கிக்கொள்ளும். நடுவிலுள்ள ஓட்டும் சக்கரம் பள்ளத்தில் தொங்கி, மணலிலும் ஈரத்திலும் சும்மா சுழலும், பின் பிரேக்கும் பிடிக்காது. உயரமாகப் பொருத்தினால் நிறுத்தும்போது ஒரு பக்கம் சரியும், காலை ஊன்ற முடியாதவருக்கு அது விபத்து. ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்த நிலையில் பின்னாலுள்ள மூன்று சக்கரமும் தரையில் இருக்க, எடையின் பெரும்பங்கு நடுச் சக்கரத்தில் இருக்கும்படி ஸ்பிரிங்கை வைக்க வேண்டும். வெறும் வண்டியை ஒர்க்‌ஷாப் தரையில் நிறுத்தி லெவல் பார்த்து அனுப்புவது போதாது. 70 கிலோ ஆளுக்கு வைத்த ஸ்பிரிங் 50 கிலோ ஆளுக்குப் பொருந்தாது. பழைய வண்டியை வாங்குபவர் முதலில் திருத்த வேண்டியது இதைத்தான்.

கோல்டுவிங்குக்குத் திரும்பினால், 2018-ல் வந்த புதிய மாடல் மேலே சொன்னவற்றில் ஒரு பகுதியைப் பழங்கதையாக்கிவிட்டது. அதில் வழக்கமான ஃபோர்க் இல்லை. இரட்டை விஷ்போன் ஆர்ம்கள் முன்சக்கரத்தைத் தாங்குகின்றன, ஹேண்டில்பார் ஒரு இணைப்புத் தண்டின் வழியாகத் திருப்புகிறது. சாய்த்துக் கடைந்த கிளாம்ப் போட அங்கே இடமே கிடையாது. டிரெயிலைக் குறைக்க முன்பக்கத்தின் மற்ற பாகங்களைத்தான் மாற்ற வேண்டும். செகண்ட் ஹேண்டில் அதிகம் கிடைக்கும் ஜிஎல்1500, 2018-க்கு முந்தைய ஜிஎல்1800 வண்டிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

வாங்கப் போகும்போது விலையைப் பேசுமுன் மூன்றைப் பார்த்தால் போதும். பின் ஆக்சில் சட்டத்துக்குச் சதுரமாக நிற்கிறதா, சட்டத்தில் கிட் பிடிக்கும் இடங்களில் விரிசலோ ஒட்டு வெல்டிங்கோ இருக்கிறதா, ரேக் கிட் எத்தனை டிகிரி என்பதற்குச் சீட்டு இருக்கிறதா. ரேக் கிட் போடாத, மேய்ந்த டயரோடு நிற்கிற, ஆட்டம் போடுகிற வண்டியைத் தயங்காமல் விலை குறைத்துக் கேட்டு வாங்கலாம். அவை எல்லாம் பணத்தால் தீரும் குறைகள், என்ன செலவாகும் என்பதும் முன்கூட்டியே தெரியும். பளபளக்கும் பெயின்ட்டும் புதிய ஷாக்கும் ஆறு டிகிரி கிட்டும் இருந்தும், ஸ்விங் ஆர்ம் பொருத்துமிடத்தில் சட்டத்தின் மேல் புதிதாக வெல்டு கோடு தெரிகிற வண்டியை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.